ஆந்தைக்கு இட்ட பொட்டு

அந்த வெள்ளிக்கிழமை மாலை சன்னிவேலில், இரண்டாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். தாராபுரத்தில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற கந்தசாமி, அவர் மகன் இளமாறன், மருமகள் யாமினி, நான்கு வயதுப் பேத்தி வெண்பா, எதிர்வீட்டு ரஹ்மத். ரஹ்மத் கீழக்கரைப் பெண். அவள் பூஜைக்கு வந்தவள் அல்ல, ஆந்தைகளுக்கு இறக்கை வெட்ட வந்தவள். ஆனாலும் இருந்தவர்களில் ஒருத்தி என்பதால் அவள் பெயரையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாயிரமாவது ஆண்டின் சரஸ்வதி பூஜை அன்று. மறுநாள் காலை பத்தரை மணிக்கு, வீட்டிலிருந்து இரண்டு சிக்னல் தள்ளியிருந்த நூலகத்தில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு யாமினி முதல் முறையாகத் தனியே கதை படிக்கப் போகிறாள். ஒரு வருடமாக அங்கே சம்பளமில்லாத தொண்டராகப் போய் பாய் விரித்து, காகிதம் வெட்டி, பசை துடைத்துக்கொண்டிருந்தவள். பிள்ளைகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் லொரெய்ன் என்ற அம்மாள், மாதத்தின் முதல் சனிக்கிழமைகளை இனி யாராவது ஒருவரிடம் நிரந்தரமாக ஒப்படைக்கப் போவதாகவும், நாளைக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்வதாகவும் சொல்லியிருந்தாள். யாமினியின் விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஈரோட்டில் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவள் மூன்று வருடமாக அந்த இரண்டு படுக்கையறைக்குள்தான் இருந்தாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு எவ்வளவு பெரியது என்பதை யாரும் கந்தசாமிக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூலையில் அவர் வந்து இறங்கியபோது, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிக்க இவ்வளவு ஏற்பாடா என்றுதான் நினைத்தார். அவள் புத்தகம் தேர்ந்தெடுப்பதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. மூன்று நடையாக முப்பது புத்தகங்கள் கொண்டுவந்தாள். எல்லாம் ஆந்தைக் கதைகள். ஒவ்வொன்றையும் திறந்து சோபாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சமையலறை வாசல்வரை போய் நின்று பார்ப்பாள். அங்கிருந்து படம் தெரியாவிட்டால் அது தள்ளுபடி. பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் இருந்தால் தள்ளுபடி. ஒரு புத்தகத்தில் ஆந்தை எலியை விழுங்கியது. எலி வளர்க்கிற வீட்டுப் பிள்ளை யாராவது அழுதுவிடும் என்று அதையும் தள்ளினாள். கடைசியில் பன்னிரண்டு தேறின. நாலு படிக்க, எட்டு பெற்றோர் பார்த்து எடுத்துப்போக. பிள்ளைகள் தெம்பாக இருக்கும்போது நீளமானதை முதலில் படிக்க வேண்டும். நெளிய ஆரம்பிக்கும் நேரத்தில், எல்லாரும் சேர்ந்து ஆந்தைபோல் அலறத் தோதான புத்தகத்தை எடுக்க வேண்டும். எல்லைக் குறிப்பு ஒன்று இல்லையென்றால் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர் கந்தசாமி. முப்பத்தொரு வருடம் அப்படி இருந்தவர். தள்ளுவதில் அவள் காட்டிய கண்டிப்பு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவளிடம் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படியெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்கிற வழக்கம் இல்லை.

கதை முடிந்ததும் கைவேலை. மதிய உணவு வைக்கிற பழுப்புக் காகிதப் பைதான் ஆந்தையின் உடம்பு. கண்ணுக்குக் கப்கேக் சுடுகிற சுருக்குக் காகிதம் இரண்டு, மூக்குக்கு ஆரஞ்சு முக்கோணம், பக்கத்துக்கு ஓர் இறக்கை. பிள்ளைகள் கையில் கத்தரி கொடுக்கக் கூடாது, ஏழு நிமிடத்தில் முடிய வேண்டும் என்பது லொரெய்ன் அம்மாளின் விதி. அதனால் முப்பது பிள்ளைகளுக்கு அறுபது இறக்கையை முன்கூட்டியே வெட்டியாக வேண்டும். அதற்குத்தான் ரஹ்மத் வந்திருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் குவிந்திருந்த இறக்கைகளைப் பார்த்துக் கந்தசாமிக்குப் பொறுக்கவில்லை.

“நவராத்திரியும் அதுவுமா வீடு பூரா ஆந்தையா? வேற பட்சியே கெடைக்கலையா கண்ணு?”

“அக்டோபர்ல இங்க எல்லா லைப்ரரிலயும் இந்த மாதிரி தீம்தானுங்க மாமா. இந்த ஊர்ல ஆந்தைன்னா புத்திசாலி. படிச்ச பட்சி.”

ரஹ்மத் கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “எங்க ஊர்லயும் இது ஆகாதுதான் அங்கிள். இங்க வந்ததும் அதுக்கும் கிரீன் கார்டு கெடைச்சிருச்சு.”

இளமாறன் சிரித்தான். கந்தசாமி சிரிக்கவில்லை. ஆனால் இறக்கைகளை மூடி வைக்கச் சொல்ல வந்தவர், சொல்லாமல் விட்டுவிட்டார்.

சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த யாமினி, புத்தகங்களை நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள் மாமா என்று உள்ளிருந்து சொன்னாள். வீட்டுப் புத்தகங்களைத்தான் சொன்னாள். கந்தசாமி இளமாறனின் கம்ப்யூட்டர் புத்தகங்களை எடுத்தார், வெண்பாவின் வண்ணம் தீட்டும் புத்தகத்தை எடுத்தார். பிறகு வாசற்பக்கம் பார்த்தவருக்குப் பகீரென்றது. செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை, அது நிறையப் புத்தகம். காலையில் மறக்காமல் இருக்க யாமினி அங்கே வைத்திருந்தாள். செருப்போடு செருப்பாகப் புத்தகமா என்று பதறி எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவற்றையும் பூஜைப் பலகையில் அடுக்கினார்.

அவை நூலகத்தின் புத்தகங்கள் என்று அவருக்குத் தெரியாமலில்லை. பொதுச் சொத்தைப் பூஜையில் வைப்பதில் குற்றம் ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை. பதிவு அலுவலகத்தில் வருடந்தோறும் வைத்தவைகூடச் சர்க்கார் ஏடுகள்தானே? ஒவ்வொரு ஏட்டின் அட்டையிலும் சந்தனம் இட்டு, மேலே குங்குமம் வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து நாலு மூலையிலும் குழைத்த மஞ்சள் தடவுவது அங்கே முறை. அதை அவர் யாரிடமும் விட்டதில்லை. அவர் விரல் பட்டால் பொட்டு வட்டமாக விழும், வழியாது. அந்தப் பதவிசோடு பன்னிரண்டு ஆந்தைப் புத்தகங்களுக்கும் செய்தார். நாளைக்கு அவள் படிக்கப் போகிறவை என்பதால் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே இட்டார். அட்டையிலிருந்த ஆந்தைகளின் இரண்டு கண்ணுக்கும் நடுவே குங்குமம் அழகாகவே உட்கார்ந்தது. வாயால் சொல்லத் தெரியாத ஆசியை விரலால் சொல்லிவிட்ட திருப்தியோடு, எல்லாவற்றின் மேலும் பட்டுத் துணியைப் போர்த்தினார்.

கற்பூரம் காட்டினார்கள். துணிப்பை காலியாக இருப்பதைப் பார்த்த யாமினி, அதையும் வைத்துவிட்டீர்களா என்று சிரித்தாள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் எடுக்கும்வரை படிக்கக் கூடாது. அதனால் அன்று மாலை நாலு கதைகளையும் மனப்பாடமாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ரஹ்மத்தும் வெண்பாவும் பிள்ளைகளாக உட்கார்ந்து அலறினார்கள்.

சனிக்கிழமை ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்கிவிடும். ஏழரைக்கே பொங்கல் வைத்துப் படைத்து, கந்தசாமி துணியை எடுத்து, புத்தகங்களை மருமகள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை மாற்றப் போனார். யாமினி முதல் புத்தகத்தைத் திறந்தாள். மஞ்சள் இரண்டு தாள் வரைக்கும் இறங்கியிருந்தது. ஈரக் காகிதத்தால் துடைத்தாள். பரவியது. பாத்திரம் கழுவுகிற சோப்பை ஒரு துளி தொட்டுத் துடைத்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. மூலை சிவந்து போயிற்று. அதற்குமேல் துடைக்கவில்லை. இளமாறன் வாயைத் திறக்கப் போனான். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள். இதெல்லாம் கந்தசாமிக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. அப்போது அவர் உள்ளே பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

நூலகத்துக்கு எல்லாரும் போனார்கள். ரஹ்மத் தன் மகன் பாசிலோடு வந்தாள். தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஷ்யாமளாவும் மகளை அழைத்து வந்திருந்தாள். லொரெய்ன் அம்மாள் வாஞ்சையாக எல்லாரையும் வரவேற்று, புத்தகங்களை வாங்கி மேசையில் வைத்து, ஒன்றைத் திறந்தாள். அவள் புருவம் ஏறியது. இன்னொன்றைத் திறந்தாள், மூன்றாவதையும் திறந்தாள். இது என்ன என்று கேட்டாள்.

கந்தசாமி இரண்டு முழம் தள்ளி நின்றார். ஆங்கிலத்தில் ஆணை எழுதியவர் அவர். ஒரு சொல்லும் தப்பவில்லை. யாமினி சொன்னாள்: எங்கள் வீட்டில் நேற்று ஒரு பூஜை. நான்தான் இட்டேன். கவனமாக இருந்திருக்க வேண்டும், என் தவறு.

லொரெய்ன் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பாயில் பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். முடிந்த பிறகு பேசலாம் என்றாள். குரலில் வாஞ்சை குறைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஷ்யாமளாவின் மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தரையில் விழுந்து அழுதாள். ஷ்யாமளா இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கந்தசாமியின் காது சுட்டது. முப்பத்தொரு வருடத்தில் சர்க்கார் ஏடு எதிலும் அவர் கையால் ஒரு சொட்டு மை சிந்தியதில்லை. அதைச் சொல்லியே மகனை வளர்த்தவர். இங்கே பொதுப் புத்தகம் பன்னிரண்டில் அவர் விரல் கறையாக நிற்கிறது. அதற்கு வேறொரு வீட்டில் பிறந்து வந்த பெண் தலை கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சுற்றிலும் இளமாறனோடு வேலை செய்கிறவர்கள், அவர்கள் மனைவிமார், தெரிந்த முகங்கள். அவருக்கு நாக்கு எழவில்லை. கடைசி வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சில் இடித்தது. அந்த முக்கால் மணி நேர மௌனத்துக்கு அவர் தமக்குத் தாமே இன்றுவரை சலுகை காட்டியதில்லை.

யாமினி பாயின் முன்னால் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்து, பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தே படித்தாள். எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. எலி ஒன்று ஆந்தைக்குக் குல்லாய் பின்னுகிற கதை. பின்னப் பின்ன ஆந்தையின் தலை வளர்ந்துகொண்டே போனது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவதில் ஆந்தைபோல் அலறச் சொன்னாள். முப்பது பேரும் அலறியதில் பெரியவர்கள் பகுதியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். முப்பது வாயும் மூடிக்கொண்டன.

மூன்றாவது புத்தகத்தின் அட்டையைக் காட்டியபோது முன்வரிசையில் ஒரு சிவப்புத் தலைமுடிப் பையன், ஆந்தையின் நெற்றியில் என்ன அது என்று கேட்டான். கந்தசாமி மூச்சை அடக்கினார். யாமினி அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். உங்களைப் பார்க்க வருகிறதில்லையா, அதற்காக அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறது என்றாள். எங்கள் வீட்டில் வருடத்தில் ஒரு நாள் புத்தகங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு நாங்கள் அவற்றை வேலை வாங்க மாட்டோம், பொட்டு வைத்துக் கும்பிட மட்டும் செய்வோம் என்றும் சொன்னாள். பையன் யோசித்துவிட்டுச் சரி என்றான்.

கைவேலையின்போது வினை வந்தது. காகிதப் பையில் கண், மூக்கு, இறக்கை எல்லாம் ஒட்டி முடிந்ததும் அந்தப் பையன், என் ஆந்தைக்கும் அலங்காரம் வேண்டும் என்றான். யாமினி சிவப்புக் கிரேயான் ஒன்றைக் கொடுத்தாள். பிறகு எல்லாருக்கும் வேண்டியிருந்தது. பாசில் தன் ஆந்தைக்கு மூன்று வைத்தான். ஏழு நிமிட வேலை பதினைந்து நிமிடமானது. முப்பது ஆந்தைகள் நெற்றியில் பொட்டோடு நூலகத்தை விட்டு வெளியே போயின.

ரஹ்மத் மெல்ல அவர் பக்கம் குனிந்தாள். “வீட்டுக்குள்ள விட மாட்டேன்னீங்க அங்கிள். இப்ப ஊர் பூரா பொட்டு வெச்சு அனுப்பிட்டீங்க.”

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக லொரெய்ன் அம்மாளிடம் போய் நின்று, ஆங்கிலத்தில், அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் சொன்னார்: என் பெயர் கந்தசாமி. அந்த அடையாளங்களை இட்டவன் நான். என் மருமகள் அவற்றை இடவும் இல்லை, இடச் சொல்லவும் இல்லை. பெரியவன் என்ற மரியாதைக்காக அவள் என் பெயரை மறைத்தாள். அந்த மரியாதைக்கு நான் இன்று காலை தகுதியாக நடந்துகொள்ளவில்லை.

யாமினி பசைக் குப்பிகளோடு அப்படியே நின்றுவிட்டாள்.

லொரெய்ன் அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஒட்டுமா என்று கேட்டாள். காய்ந்துவிட்டது, ஒட்டாது என்றார். எறும்பு வருமா? வராது, மஞ்சள் இருக்கிறது என்றார். போன மாதம் ஒரு புத்தகத்துக்குள் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று திரும்பி வந்தது, இது எவ்வளவோ மேல் என்றாள் அந்த அம்மாள். காகித அட்டை போட்ட இரண்டு மட்டும் தேறாது, மற்றவை அலமாரிக்குப் போகலாம். ஆனால் இதற்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தின் உள்ளட்டையில், கறை குறித்துக்கொள்ளப்பட்டது என்று தேதியோடு எழுத வேண்டும், அடுத்து எடுத்துப்போகிறவர் மேல் பழி வராமல் இருக்க.

கந்தசாமிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஓரக் குறிப்பு. பத்திரத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இருந்தால் அது இன்னாரால் ஏற்பட்டது என்று ஓரத்தில் எழுதி, செய்தவரே கையொப்பமிட வேண்டும் என்ற அதே முறை, உலகத்தின் இந்தக் கோடியில் ஆந்தைப் படப் புத்தகத்துக்கும் இருக்கிறது. நானே எழுதலாமா என்று கேட்டார். அந்த அம்மாள் பென்சில் கொடுத்தாள். அவர் பேனா கேட்டார். தயங்கிவிட்டுக் கொடுத்தாள். தேறியது, தேறாதது என்று பிரிக்காமல், நின்றுகொண்டே பன்னிரண்டு புத்தகத்திலும் எழுதினார்: வழிபாட்டின்போது என்னால் இடப்பட்டவை, படித்தவர் எவரும் பொறுப்பல்ல. கீழே முழுக் கையெழுத்து. கையெழுத்து இல்லாத குறிப்பு செல்லாது என்று விளக்கமும் சொன்னார். லொரெய்ன் அம்மாள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் தன் இனிஷியலைப் போட்டாள்.

அதன் பிறகு சுவர்க் காலண்டரை எடுத்து, அடுத்த ஜூன் வரை எல்லா முதல் சனிக்கிழமையிலும் யாமினியின் பெயரை எழுதினாள். கந்தசாமி உண்மையைச் சொன்னதற்காக அல்ல. முப்பது பிள்ளைகள் ஒரு விரலுக்கு அடங்கியபோதே தீர்மானித்துவிட்டதாக அவளே சொன்னாள். அதைக் கேட்டுக் கந்தசாமிக்கு நிம்மதியாக இருந்தது. மருமகள் தன் தகுதியால் வாங்கினாள், யாருடைய வாக்குமூலத்தாலும் அல்ல.

கார் நிறுத்துமிடத்தில் மற்றவர்களை முன்னால் போகவிட்டு அவர் அவளை நிறுத்தினார்.

“எம்பேரை ஏஞ்சாமி சொல்லலை?”

“சொல்லியிருந்தா அப்பறம் நீங்க அந்தப் பக்கமே வர மாட்டீங்க மாமா. எனக்குப் பின்னால உக்கார ஒரு ஆள் வேணுமுங்க. கடைசி வரிசைக்குக் கேக்குதா, படம் தெரியுதான்னு சொல்றதுக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “தெரிஞ்சுதுங்களா?” என்றாள்.

“தெரிஞ்சுது. கேட்டுது. எல்லாமே கேட்டுது கண்ணு.”

இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி என்று சொன்னதில்லை. அந்தச் சொல் மேடையில் பேசுகிறவர்களுக்கு உரியது என்றே இருந்துவிட்டார்கள். காலையில் அவள் நான் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக வைக்க அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை. வேறு வழியில்லாமல் கேட்டார்:

“அடுத்த மாசம் என்ன பட்சி?”

“பட்சி இல்லீங்க மாமா. நவம்பருக்கு ரொட்டி.”

“ரொட்டியா? அதுல தோஷம் ஒண்ணுமில்லை. எங்கிட்ட முன்கூட்டியே புத்தகத்தைக் குடு. சமையக்கட்டு வாசல்ல நின்னு நானும் பார்க்கறேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் அதைப் பார்க்காததுபோல் காரை நோக்கி நடந்தார்.

மூன்று வாரம் கழித்து, தீபாவளி முடிந்த சனிக்கிழமை, சான் ஹோசேயில் ஒரு வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிட்டன. காகிதத் தட்டோடு ஏழெட்டுப் பேர் கந்தசாமியைச் சுற்றி நின்றார்கள். அதில் வெள்ளியங்கிரி என்பவர் காங்கேயத்துக்காரர், தூரத்து உறவும்கூட. அவர் குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்கிறவர்போல் ஆரம்பித்தார்.

“கேட்டுச் சங்கடமாப் போச்சுங்க மாமா. உங்க மருமக லைப்ரரி புஸ்தகத்தை எல்லாம் பாழ் பண்ணிப்போட்டதாமா. இனி வர வேண்டாம்னு அனுப்பிச்சுட்டாங்களாமா. ஷ்யாமளா நேர்லயே பாத்தாங்களாம்.”

சுற்றி நின்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். கந்தசாமி தம் தட்டை மேசையில் வைத்தார். எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“பாழ் பண்ணினது நானுங்க. பன்னண்டு புஸ்தகத்துலயும் என் கையெழுத்து இருக்குது. யாமினியை யாரும் அனுப்பலை. வர்ற முதல் சனிக்கிழமை பத்தரைக்கு அங்க அவதான் படிக்கறா.”